இரண்டாம் நாள் குழம்பு

"வீட்டுல சமைக்கிறதுக்கு வெளிய வாங்கிச் சாப்பிட்டாலே மலிவு." மலேசியாவின் லூமுட்டில் இந்தப் பேச்சை நான் கேட்காத வாரம் இல்லை. கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் இளம் தம்பதியர் சொல்கிறார்கள். ஜானாமஞ்சோங் மின்நிலையத்தில் ஷிஃப்ட் முடித்து வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். நாற்பது வருடம் அடுப்படியில் நின்ற என் வயதுப் பெண்களும் இப்போது அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பத்துப் பேர் சொன்னதும் அதற்கு உண்மையின் முகம் வந்துவிட்டது. அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஸ்ரீ மஞ்சோங்கில் என் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் அவள் கணவரும் இரண்டு பிள்ளைகளும். இரவுச் சாப்பாடு முடிந்தது. ரைஸ் குக்கரில் இரண்டு பேருக்குக் காணும் சோறு இருந்தது. சட்டியில் பாதிக் குழம்பும் மூன்று மீனும் இருந்தன. ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தாள், சோற்றைக் கவிழ்த்தாள், குழம்பை அதன்மேல் ஊற்றினாள், மீன் உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பையை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நாளைக்கு யாரு அத்தை பழசைச் சாப்பிடுவா? அவருக்குச் சுடச் சுட வேணும். பிள்ளைங்களும் தொடாதுங்க. இதுக்குத்தான் சொல்றேன், வெளிய வாங்கினாலே மலிவு லா."

அவள் சோம்பேறி இல்லை. கணக்குத் தெரியாதவளும் இல்லை. அவள் சொன்ன இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. பழசைச் சாப்பிட மாட்டோம் என்பதால் கொட்டுகிறாள். கொட்டுவதால் சமையலுக்கு விலை ஏறிவிடுகிறது. முதல் பேச்சு விழுந்தால் இரண்டாவதும் விழுந்துவிடும்.

அவர்கள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்ளூர் அரிசியைத் தேடிக் கடை கடையாக அலைந்தோம். அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி கோழிக்கான விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது. இன்னொரு பக்கம், 2023 ஜனவரியில் அரசாங்கம் மெனு ரஹ்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 5 வெள்ளிக்குள் ஒரு சாப்பாடு. மார்க்கெட்டில் விலை ஏறிக்கொண்டே போக, கடையில் 5 வெள்ளிக்குத் தட்டு கிடைத்தால் மக்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த நினைப்பு வீம்பில் வந்ததல்ல, நெருக்கடியில் வந்தது. அதனால்தான் அதற்கு நேர்மையான கணக்கோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்குக்கு வருவோம். வெளிச்சாப்பாட்டுக்கு மிகவும் சாதகமான விலையையே எடுத்துக்கொள்கிறேன்: அந்த 5 வெள்ளி. தே ஆயிஸ் வேண்டாம், ரொட்டி சானாய் வேண்டாம், பிள்ளைகள் கேட்கும் கோழிப் பொரியலும் வேண்டாம். நான்கு பேர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை: 40 வெள்ளி. முப்பது நாளைக்கு 1,200 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. காலைப் பசியாறலைச் சேர்க்காமலேயே 1,200 போய்விட்டால், வாடகைக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பள்ளிச் செலவுக்கும் கையில் நிற்பது 500 வெள்ளி. நாட்டிலேயே மலிவான தட்டின் கதை இது.

இப்போது என் அடுப்படி. ஒரு நாள் மார்க்கெட்டில் ஒரு கிலோ கெம்போங் மீன் 14 வெள்ளிக்கு வாங்கினேன்; ஏழு மீன் நின்றது. வெங்காயம், தக்காளி, வெண்டைக்காய், புளி, மசாலாத்தூள், எண்ணெய் எல்லாம் சேர்த்து 5 வெள்ளி. 14 கிலோ கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசு, அதாவது கிலோ 1 வெள்ளி 90 காசு. ஒரு அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தாலும் 40 காசைத் தாண்டாது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள உள்ளூர் அரிசி 10 கிலோ 26 வெள்ளி. ஆளுக்கு 100 கிராம் என்றால் தட்டுக்கு 26 காசு. அந்த அரிசி கிடைக்காத வாரம் இறக்குமதி அரிசி வாங்கினாலும் தட்டுக்குப் பதினைந்து காசுதான் கூடும். ஆக நான்கு தட்டுக்கு 20 வெள்ளி 44 காசு. ஒரு தட்டு 5 வெள்ளி 11 காசு.

இந்த இடத்தில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். 5 வெள்ளி 11 காசு என்பது 5 வெள்ளியைவிட அதிகம்தான். மீதியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுவிட்டால் இதுதான் கடைசிக் கணக்கு. என் அண்ணன் மகள் தன் கணக்கில் தவறவே இல்லை.

ஆனால் என் சட்டியில் பாதிக் குழம்பும் மூன்று மீனும் இருக்கின்றன. மறுநாள் குழம்பைக் கொதிக்கவைத்து, அவித்த முட்டை நான்கைக் கீறிப் போடுகிறேன்: 1 வெள்ளி 80 காசு. ஒரு கட்டு கங்கோங் கீரையை நெத்திலி தட்டிப் போட்டுப் பிரட்டுகிறேன்: கீரை 1 வெள்ளி 50 காசு, நெத்திலி வீட்டில் எப்போதும் கிடக்கும் ஒரு பிடி. அரிசி 1 வெள்ளி 4 காசு. எண்ணெயும் கேஸும் 40 காசு. மொத்தம் 4 வெள்ளி 74 காசு. தட்டுக்கு 1 வெள்ளி 19 காசு. இரண்டு நாளையும் சேர்த்து எட்டுத் தட்டு, 25 வெள்ளி 18 காசு. ஒரு தட்டு 3 வெள்ளி 15 காசு. அந்த எட்டுத் தட்டையும் 5 வெள்ளிக் கடையில் வாங்கியிருந்தால் 40 வெள்ளி.

தட்டுக்கு 1 வெள்ளி 85 காசு வித்தியாசம். இரண்டு வேளையும் இப்படி நடந்தால் நான்கு பேர் வீட்டில் ஒரு மாதத்துக்கு 444 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளத்தில் கால்வாசிக்கும் மேல். இந்தப் பணம் முழுக்க எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மலிவாக மீன் வாங்கியதால் வரவில்லை, அடுப்பைச் சிக்கனமாக எரித்ததால் வரவில்லை. இரண்டாம் நாள் குழம்பிலிருந்து வந்தது. வீட்டுச் சமையலின் லாபம் முதல் நாள் சட்டியில் இல்லை. மறுநாள் தட்டை எண்ணாமல் கடையோடு வீட்டை ஒப்பிடுகிறவர்கள், வயலில் நாற்று நட்ட செலவை எழுதிவிட்டு அறுப்பை எழுதாமல் விடுகிறார்கள்.

"சரி, கணக்கு இருக்கட்டும். ஆனால் பழசைச் சாப்பிடுவது ரப்பர் தோட்டத்துக் காலத்துத் தரித்திரம். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமா?" இதுதான் பலர் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் வாதம். இதற்கு நான் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இதற்குள் இருப்பது உண்மையான வலி.

தமிழ்நாட்டில் பண்ணைகளில் உழைத்த நம் முன்னோருக்கு, ஆண்டையின் வீட்டில் மீந்துபோன பழைய சோற்றைப் பின்வாசலில் நிற்கவைத்து ஊற்றினார்கள். கூலியின் ஒரு பகுதியே அதுவாக இருந்தது. சாதி, மனிதனின் வயிற்றுக்குள் புகுந்த வழி அது. அந்த அவமானத்தைக் கப்பலேறி வந்தவர்கள் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்த அவமானம் சோற்றின் வயதால் வந்ததில்லை, அடுத்தவன் தின்று கழித்ததைத் தின்னவேண்டியிருந்ததால் வந்தது. தன் உழைப்பில் வாங்கிய அரிசியை, தன் அடுப்பில் பொங்கி, மீந்ததைத் தன் சட்டியில் மூடிவைத்து, மறுநாள் தானே உண்பவரிடம் யார் என்ன குறை சொல்லிவிட முடியும்? அவர் யார் வாசலிலும் நிற்கவில்லை.

நம் மொழி இந்த இரண்டையும் எப்போதோ பிரித்துவைத்துவிட்டது. வாய் பட்டது எச்சில். சட்டியில் நின்றது மிச்சம். எச்சிலைத் தள்ளலாம். மிச்சமோ சேமிப்புக்கும் நாம் வைத்திருக்கும் சொல். "மாசம் நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன்" என்று சொல்லும்போதும் அதே மிச்சம்தான், "குழம்பு மிச்சம் இருக்கு" என்று சொல்லும்போதும் அதே மிச்சம்தான். சட்டியில் மீந்ததும் கையில் மீந்ததும் ஒரே காரியம் என்று அறிந்தவர்கள்தான் இந்தச் சொல்லை நமக்குக் கொடுத்தார்கள்.

சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள். நாசி கோரெங் நல்லபடியாக வரவேண்டும் என்றால் முதல் நாள் சோறுதான் வேண்டும். வடித்த சூட்டோடு போட்டால் குழைந்துபோகும். ஆறி ஈரம் வற்றிய சோறுதான் உதிரி உதிரியாகப் பிரளும். எந்த மலாய்க்கார அக்காவைக் கேட்டாலும் இதைச் சொல்வார். பக்கத்துச் சித்தியவானுக்கு 1903-இல் வந்து குடியேறிய பூச்சோ சீனர்கள், சிவப்பு அரிசி மதுவைப் புளிக்கவைத்து வடித்தபின் நிற்கும் சக்கையை எறியவில்லை. அதைக் கோழியோடு போட்டுச் சமைத்தார்கள். இன்று அந்த மதுவும் கோழியும் சேர்ந்த மீ சுவா நூடுல்ஸுக்காக வெளியூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இலங்கையில் கொத்து ரொட்டி மீந்த ரொட்டிக்கும் மீந்த கறிக்கும் பிறந்த மறுவாழ்வு என்பார்கள். நம்மிடம் சுண்டக்குழம்பு இருக்கிறது. இட்லி உப்புமா இருக்கிறது. சோற்று வடகம் இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் சுண்டிச் சுருண்டு, முதல் நாளைவிட ருசியாக இருக்கும் ஆட்டுக்கறிப் பிரட்டல் இருக்கிறது. பழசு என்று வீட்டில் ஒதுக்கும் சோற்றையே கடையில் நாசி கோரெங் என்று காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். அப்படியென்றால் தரித்திரம் சோற்றில் இல்லை. அதை வீட்டில் பார்க்கும் நம் கண்ணில் இருக்கிறது.

அடுத்த வாதம் உடம்பைப் பற்றியது. "மறுபடி சூடாக்கிச் சாப்பிட்டால் வியாதி வரும்." இதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதியை மதிக்கவேண்டும். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்து, கொதிக்கவைத்தாலும் சாகாமல் தங்கும். சோற்றை நம் ஊர்ப் புழுக்கத்தில் மேசைமேல் விட்டுவிட்டால் அது பெருகி நஞ்சு கக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே ஆபத்து சூடாக்குவதில் இல்லை, சூடாக்குவதற்கு முன் வெளியே கிடந்த நேரத்தில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது எளிமையானது: சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதே, 5 டிகிரிக்குக் கீழே குளிர்வி, திரும்பச் சூடாக்கும்போது நடுப்பகுதி வரைக்கும் 70 டிகிரியைத் தாண்டட்டும்.

நான் செய்வது இதுதான். எல்லாரும் சாப்பிட உட்காருமுன்பே, நாளைக்கு வேண்டியதைத் தனியே எடுத்துவிடுவேன். அதனால் யார் கரண்டியும் கையும் அதில் படாது. ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுவில் சூடு நின்றுவிடும். அகலமான, மட்டமான டப்பாவில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவிடுவேன். ஒரு முறை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைப்பதில்லை. தேங்காய்ப்பால் குழம்பு சீக்கிரம் கெடும் என்பதால் அதை அன்றன்றைக்கு அளந்துதான் வைப்பேன். இரண்டு நாளைக்குச் சமைக்கும்போது புளிக்குழம்புதான். பழைய சோற்றைக்கூட இப்போது தண்ணீர் ஊற்றி ஐஸ் பெட்டியிலேயே வைக்கிறேன். புளிப்பு குறைவுதான், ஆனால் பயம் இல்லை. அம்மாவுக்கு ஐஸ் பெட்டி கிடையாது. கைப்பக்குவத்தையும் மூக்கையும் நம்பித்தான் அவர் எங்களைக் காப்பாற்றினார். வீட்டுக்கு வீடு ஐஸ் பெட்டி இருக்கும் நாளில் நாம் பயந்துகொண்டு கொட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் பேசவேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் நூற்றுக்கு முப்பத்தொரு பேருக்கு. இதற்குப் பல காரணம் உண்டு, வெளிச்சாப்பாட்டின் தலையில் முழுப் பழியையும் போடமாட்டேன். ஆனால் எத்தனை கரண்டி எண்ணெய், எவ்வளவு சீனி, எவ்வளவு உப்பு என்று நம் கையால் அளக்கும் ஒரே இடம் நம் அடுப்படி. நேற்றைய புளிக்குழம்பைப் பார்த்துப் பயப்படும் வீடு, இன்றைய பொரித்த கோழியையும் இனிப்புத் தண்ணீரையும் பயமில்லாமல் வாங்குகிறது.

கடைசி வாதம்தான் கனமானது. "சமையல் இலவசமா? பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எழுதினாயா?" எழுதவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்களோடு நான் சண்டைக்கு நிற்கமாட்டேன். வேலைக்கும் போய்விட்டு வந்து அடுப்பையும் அவளே பார்க்கட்டும் என்று சொல்லும் எந்த ஆணுக்கும் "வீட்டில் சமைத்தால் மிச்சம்" என்று உபதேசம் பண்ணும் உரிமை கிடையாது. வெங்காயம் உரிக்கவும், சட்டி கழுவவும், டப்பாவில் எடுத்துவைக்கவும் அவன் கையும் வரவேண்டும்.

ஆனால் மிச்சத்தைச் சாப்பிடுவது பெண்ணுக்குப் பாரம் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். அவள் பாரத்தை இறக்கிவைக்க நம் அடுப்படி கண்டுபிடித்த வழியே அதுதான். என் அம்மா ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கவேண்டும். இருட்டில் எழுந்து உலை வைக்க அவருக்கு நேரம் இல்லை. இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி, தட்டைக் கவிழ்த்து, பூனைக்குப் பயந்து அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கிவைப்பார். காலையில் அதை எங்களுக்கு உப்புப் போட்டுப் பிசைந்துகொடுத்துவிட்டு, மீதியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போவார். நேற்றைய நெத்திலிச் சம்பல் ஒரு கரண்டி, சின்ன வெங்காயம் இரண்டு. மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார். அந்தப் பழைய சோறு அவருக்குக் கொடுத்தது அரை மணி நேரத் தூக்கம். உழைக்கும் பெண்ணுக்கு அது சின்னப் பொருள் இல்லை.

"சுடச் சுட வேணும்" என்ற கட்டளைதான் பெண்ணை மூன்று வேளையும் அடுப்பில் கட்டிப்போடுவது. ஒரு முறை சமைத்து இரண்டு நாள் உண்ணும் வீட்டில் அவளுக்குப் பாதி நாள் விடுமுறை. என் அண்ணன் மகள் வீட்டில் பிரச்சினை பழைய குழம்பு இல்லை. அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் வழக்கம்தான் பிரச்சினை. அதற்குப் பதில் கடைச்சாப்பாடு இல்லை. அந்த வழக்கத்தை மாற்றுவது.

ஒரே ஒரு அறையில் தனியாகத் தங்கி, அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடாத பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லமாட்டேன். அவனுக்கு 5 வெள்ளித் தட்டு வரம்தான். இரவுச் சந்தையில் கண்டதையெல்லாம் வாங்கிவந்து கீரையை அழுகவிடும் வீட்டுக்கும் சமையல் லாபம் தராது. நான் பேசுவது அடுப்பும் ஐஸ் பெட்டியும் குடும்பமும் உள்ள வீடுகளைப் பற்றி. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம்.

மலேசியாவில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது. அதில் கால்வாசி இன்னும் சாப்பிடக்கூடியது என்கிறது திடக்கழிவு நிர்வாகக் கழகம். உலகத்தில் 2022-இல் வீணான 105 கோடி டன் உணவில் அறுபது சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் இரண்டாம் இடத்தில்தான். முதல் இடத்தில் இருப்பது முடிச்சுப் போட்ட அந்தப் பிளாஸ்டிக் பை. ஜப்பான்காரன் காலத்தில், 1942-லிருந்து 1945 வரை, அரிசியைக் கண்ணில் காணாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கை அந்த முடிச்சைப் போடக் கூசவேண்டும்.

அம்மாவிடம் ஒரு பழைய பால்மாவு டின் இருந்தது. மூடியில் அவரே கீறிய ஓட்டை. சமைக்காமல் சமாளித்த ஒவ்வொரு வேளைக்கும் அதில் சில்லறை விழும். சித்தியவானில் இடைநிலைப் பள்ளிக்குப் போன ஐந்து வருடமும் என் பஸ் காசு அந்த டின்னிலிருந்துதான் வந்தது. காலையில் எங்களுக்கு அவர் பிசைந்துகொடுத்த பழைய சோறும், கையில் வைத்த சில்லறையும் ஒரே சட்டியிலிருந்து வந்தவை. வெளியே வாங்கினால் மலிவு என்று சொல்கிறவர்கள் இன்று இரவு சட்டியைக் கழுவுமுன் அதற்குள் ஒரு முறை பார்க்கட்டும். நாளைய நான்கு தட்டு அங்கே இருக்கிறது. அதையும் எண்ணிவிட்டு வாருங்கள். பிறகு விலை பேசலாம்.